தகவலைத் திட்டமிட: தானே கற்பதா, மென்பொருள் வாங்குவதா, ஆள் வைப்பதா, ஆலோசகரை அழைப்பதா?

தொழில் ஓரளவு வளர்ந்த பிறகு ஒரு நாள் வரும். நிலுவையில் எத்தனை ஆர்டர் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று எண் சொல்வார்கள். ஒருவர் கைப்பேசியில் வந்த செய்திகளை எண்ணிச் சொல்வார், இன்னொருவர் பில் புத்தகத்தைப் புரட்டிச் சொல்வார், மூன்றாமவர் நினைவிலிருந்து சொல்வார். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கையில் இருப்பது வெவ்வேறு நேரத்து உண்மை. அன்றைக்குத்தான் முதலாளிக்கு உறைக்கும்: பணத்துக்குத் திட்டம் போட்டோம், ஆட்களுக்குத் திட்டம் போட்டோம், தகவலுக்கு எதுவும் போடவில்லை.

அந்த எரிச்சலோடு எடுக்கும் முடிவு பல நேரங்களில் தவறிப்போகிறது. சிலர் அன்று மாலையே ஒரு மென்பொருளுக்குச் சந்தா கட்டுகிறார்கள். சிலர் 'டேட்டா பார்த்துக்கொள்ள' ஓர் ஆளை வேலைக்கு எடுக்கிறார்கள். சிலர் ஆலோசகரைத் தேடிப் போகிறார்கள். மிகச் சிலர்தான் தாமே உட்கார்ந்து கற்கிறார்கள். இந்த நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொடக்கம் கற்பதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் கற்க வேண்டியதில்லை. எதைக் கற்பது, எதைப் பிறரிடம் விடுவது என்று பிரிக்கத் தெரியாமல்தான் நல்ல தொழில்முனைவோர் பலர் தங்கள் மாலை நேரங்களை வீணாக்குகிறார்கள்.

எந்தத் திறனைப் பற்றிய பேச்சு இது

'தகவல் திட்டமிடல்' என்றதும் கணினித் துறைக்காரர்களின் வேலை என்று தோன்றும். அடிப்படையில் அது சில கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை எழுதி வைப்பது. நான் அடிக்கடி எடுக்கும் முடிவுகள் எவை? ஒவ்வொன்றுக்கும் எனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? அந்த விவரம் எங்கே பிறக்கிறது, யார் குறிக்கிறார்? எந்தப் பெயரில் எங்கே போய்ச் சேர்கிறது? எத்தனை நாளுக்கு ஒருமுறை என் கண்ணில் பட வேண்டும்? அது சரிதானா என்று எப்படிச் சோதிப்பேன்? யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே முறைகள் வகுத்திருக்கின்றன. கணினி நிறுவனமான ஐபிஎம் உருவாக்கிய 'பிசினஸ் சிஸ்டம்ஸ் பிளானிங்' அவற்றில் ஒன்று. நிறுவனத்தின் செயல்களை ஒரு பக்கமும் தரவு வகைகளை மறுபக்கமும் எழுதி, எந்தச் செயல் எந்தத் தரவை உண்டாக்குகிறது, எது அதை எடுத்துப் பயன்படுத்துகிறது என்று கட்டம் கட்டமாகக் குறிப்பார்கள். முழுமையான முறைதான், ஆனால் பல பேர் பல வாரங்கள் உட்கார வேண்டும். 1979-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ராக்கார்ட் வேறு பக்கத்திலிருந்து வந்தார். நிறுவனத் தலைவரிடமே போய், இந்தத் தொழில் தழைக்க எந்தச் சில விஷயங்கள் கட்டாயம் சரியாக நடந்தாக வேண்டும் என்று கேட்டு, அந்தச் சிலவற்றுக்கு மட்டும் அளவுகோல் தேடச் சொன்னார். சிறு தொழிலுக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது வழிதான். ஐந்து விஷயங்களை உறுதியாகச் சொல்ல முடிந்த முதலாளிக்கு ஐம்பது அறிக்கைகள் தேவைப்படாது.

இந்தத் திறனுக்கு இன்றும் சரியான வீடு கிடைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஆணையம் 2016-இல் வெளியிட்ட 'என்டர்கோம்ப்' சட்டகம் தொழில்முனைவுக்கான 15 திறன்களைப் பட்டியலிடுகிறது. திட்டமிடலும் மேலாண்மையும் அதில் உண்டு, நிதி அறிவும் உண்டு. தகவலுக்கென்று தனித் தலைப்பு இல்லை. அதே ஆணையத்தின் எண்ணிம (டிஜிட்டல்) திறன் சட்டகமான 'டிஜிகோம்ப்' தகவலையும் தரவையும் கையாளும் அறிவை முதல் பகுதியாகவே வைத்திருக்கிறது, ஆனால் அது பொதுவான குடிமக்களுக்காக எழுதப்பட்டது. தொழில் நடத்துகிறவர் தன் முடிவுகளுக்கு வேண்டிய தகவலைத் திட்டமிடுவது என்பது இந்த இரண்டு பட்டியல்களுக்கும் நடுவே விழுந்துவிட்டது. படிப்பிலும் யாரும் சொல்லித் தருவதில்லை, தொழிலிலும் யாரும் கேட்பதில்லை.

வழிகளை ஒப்பிட ஒரே எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன், நான்கிலும் அதையே ஓட்டிப் பார்க்கலாம். ஒரு பொருள் நாளொன்றுக்கு 12 எண்ணிக்கை போகிறது. ஆர்டர் கொடுத்தால் வந்து சேர 7 நாள். எதிர்பாராத தேவைக்குக் கையிருப்பாக 30. ஆகவே 12-ஐ 7-ஆல் பெருக்கி 30-ஐக் கூட்டினால் 114. இருப்பு 114-க்கு இறங்கும்போது மறு ஆர்டர் கொடுக்க வேண்டும். கணக்கு எளிது. ஆனால் அந்த 7 நாள் எங்கிருந்து வந்தது? பொருள் தருகிறவர் வாய்ச்சொல்லாகச் சொன்னது. உண்மையில் 11 நாள் ஆகிறது என்று வையுங்கள். 114 எண்ணிக்கை ஒன்பதரை நாளில் தீர்ந்துவிடும். ஒன்றரை நாள் கை காலி. ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நடக்கும், ஒவ்வொரு முறையும் 'இந்தத் தடவை கொஞ்சம் தாமதம்' என்று தோன்றும்.

தானே கற்பது

இதில் முதல் வேலைக்குக் கணினியே வேண்டாம். 30 நாள் ஒரு நோட்டில், அன்றன்று எடுத்த முடிவுகளை எழுதி வர வேண்டும். எவ்வளவு வாங்கினேன், யாருக்குக் கடன் கொடுத்தேன், எந்த ஆர்டரை மறுத்தேன், விலையை ஏன் குறைத்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று குறிப்பு: அப்போது எனக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரிந்திருக்க வேண்டும், அது எப்போது தெரியவந்தது. மாதக் கடைசியில் இந்த நோட்டை வாசிக்கும்போது பெரும்பாலோருக்கு ஓர் அதிர்ச்சி இருக்கும். தவறிய முடிவுகளில் பலவற்றுக்கு வேண்டிய விவரம் தொழிலுக்குள்ளேயே இருந்திருக்கும்; வேறொருவர் மேசையில் கிடந்திருக்கும், அல்லது இரண்டு நாள் கழித்து உங்களிடம் வந்திருக்கும். தகவல் இல்லாததால் நேர்ந்த இழப்பைவிட, நேரத்துக்குக் கைக்கு வராததால் நேர்ந்த இழப்பே அதிகம் என்று அப்போது புரியும்.

நம் எடுத்துக்காட்டில் இந்த நோட்டு என்ன செய்யும்? 'சரக்கு தீர்ந்தது, அவசரமாக வேறிடத்தில் கூடுதல் விலைக்கு வாங்கினேன்' என்று ஒரே மாதத்தில் இரண்டு முறை எழுதியிருப்பீர்கள். ஏன் என்று தேடினால், ஆர்டர் கொடுத்த தேதியும் பொருள் வந்த தேதியும் எங்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்படவில்லை என்பது தெரியும். கொடுத்த தேதி கைப்பேசியில், வந்த தேதி பில்லில். இரண்டையும் சேர்த்துப் பார்த்த கண் ஒன்றுமில்லை. இதைக் கண்டுபிடிப்பதுதான் தகவல் திட்டமிடலின் உயிர்நாடி. இதைத் தொழிலின் உள்ளே இருக்கிறவர் கண்டுபிடிப்பது போல வெளியாள் கண்டுபிடிப்பது கடினம்.

இரண்டாவதாகக் கற்க வேண்டியது விரிதாள், அதாவது எக்செல் போன்ற கட்டம் போட்ட கணக்குத் தாள். 1979-இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் 'விசிகால்க்' என்ற விரிதாள் மென்பொருளைக் கொண்டுவந்தபோது அதன் அருமை ஒரே விஷயத்தில் இருந்தது: ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களும் தாமாக மாறும். '7-க்குப் பதில் 11 போட்டால் என்ன ஆகும்?' என்று கேட்கும் பழக்கத்தை முதலாளியின் கையில் கொடுத்தது அதுதான். இன்று எக்செல் தெரிந்தவர்கள் அதை அழகான அட்டவணை போடத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கேள்வி கேட்கும் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் வாராவாரம் அடுத்த 13 வாரத்துக்கான பணவரவு, பணச்செலவு மதிப்பீட்டைத் தாமே போட முடியும். வரவேண்டிய பாக்கியை 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பிரித்துப் பார்க்க முடியும். இந்த இரண்டு தாள்களும் கையில் இருக்கும் முதலாளியை வங்கி அதிகாரி நடத்தும் விதமே வேறு.

மூன்றாவது, பெயரிடும் ஒழுக்கம். ஒரே வாடிக்கையாளர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று பேராக இருந்தால், அவர் எவ்வளவு வாங்குகிறார் என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பொருளுக்கும் மாறாத ஓர் எண் கொடுப்பது பத்து நிமிட வேலை. செய்யாமல் விட்டால் பின்னால் மாதக்கணக்கில் திருத்த வேண்டியிருக்கும்.

இவ்வளவு சொன்ன நான் இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். விரிதாள் பிழையை மறைத்து வைத்துக்கொள்ளும். 2020-இல் இங்கிலாந்தில் கோவிட் தொற்று உறுதியான கிட்டத்தட்ட 16,000 பேரின் விவரம் அன்றாட எண்ணிக்கையில் விடுபட்டது. பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மீறியவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. பொருளாதார அறிஞர்களான கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், எக்செல் தாளில் சராசரி எடுக்கும்போது ஐந்து நாடுகளின் வரிசைகள் விட்டுப்போயிருந்தது 2013-இல்தான் வெளியே வந்தது. அவர்களுக்கே நேர்ந்தது நமக்கு நேராதா? அதனால் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தாளில் இரண்டு பேருக்கு மேல் எழுதத் தொடங்கினாலோ, ஒரே விவரத்தை மூன்று தாள்களில் மறுபடி மறுபடி அடிக்க நேர்ந்தாலோ, விரிதாளின் காலம் முடிந்தது.

இன்னொரு குறை நேரம். நாளுக்கு அரை மணி ஒதுக்கினால் இரண்டு மூன்று மாதத்தில் மேலே சொன்ன மூன்றும் கைவரும் என்பது என் கணிப்பு. அதைத் தாண்டி நிரல் எழுதவும் தரவுத்தளம் கட்டவும் போகாதீர்கள். அந்த ஆர்வம் இனிமையானது, புரிகிறது. ஆனால் அது வேறு தொழில்.

மென்பொருள் வாங்குவது

மென்பொருள் வாங்குகிறவர் இன்னொருவர் போட்டு வைத்த தகவல் திட்டத்தை வாங்குகிறார். எந்த விவரம் முக்கியம், எது எதோடு சேரும், எந்த வரிசையில் வேலை நடக்கும் என்பதையெல்லாம் அதை எழுதியவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். பில் போடுவது, வரிக் கணக்கு, சம்பளம், சரக்கிருப்பு போன்றவற்றில் இது பெரிய வரம். இந்த வேலைகள் எல்லாத் தொழிலிலும் ஏறக்குறைய ஒன்றுதான், பல பேர் பட்ட பாடு அந்த மென்பொருளில் தீர்வாக இருக்கிறது. இவற்றை நீங்களே விரிதாளில் கட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை.

இப்போது நம் எடுத்துக்காட்டு. சரக்கிருப்பு மென்பொருளில் 'பொருள் வர எத்தனை நாள்' என்று ஒரு கட்டம் இருக்கும். வாங்கிய முதல் நாள் அவசரத்தில் அதில் 7 என்று அடிப்பீர்கள். அதன்பிறகு மென்பொருள் மிகத் துல்லியமாக, ஒரு நாளும் மறக்காமல், 114-இல் உங்களை எச்சரிக்கும். நோட்டில் எழுதும் காலத்தில் 'இந்த ஆள் எப்போதும் தாமதம்தான்' என்ற உள்ளுணர்வாவது இருந்தது. திரையில் தெரியும் எண்ணுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது, யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

அமெரிக்க மேலாண்மை அறிஞர் ரஸல் ஏகாஃப் 1967-லேயே இதைச் சொல்லிவிட்டார். மேலாளர்களுக்குத் தகவல் பற்றாக்குறை என்று நினைத்து அமைப்புகளை வடிவமைக்கிறார்கள். அவர்கள் உண்மையில் அவதிப்படுவது தேவையில்லாத தகவலின் மிகுதியால். அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று மேலாளருக்குத் தெரிய வேண்டியதில்லை, பயன்படுத்தத் தெரிந்தால் போதும் என்ற எண்ணத்தையும் அவர் தவறென்றே எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து, எல்லா எண்களையும் ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டு விற்பவர்கள் சொல்வதைக் கேட்டால், அந்தத் தவறான எண்ணங்கள் அப்படியே உயிரோடு இருப்பது தெரியும்.

அகலக்கால் வைப்பதன் ஆபத்துக்குப் பலரும் எடுத்துக்காட்டும் நிகழ்வு 1999-இல் அமெரிக்கச் சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷேக்கு நேர்ந்தது. நான்கு ஆண்டு எடுக்க வேண்டிய ஒருங்கிணைந்த மென்பொருள் மாற்றத்தை 30 மாதத்துக்குள் அடக்கி, விற்பனை உச்சத்தில் இருக்கும் பருவத்துக்குச் சற்று முன்னால் இயக்கத் தொடங்கினார்கள். சரக்கு கிடங்கில் இருந்தது, ஆர்டர்களும் வந்துகொண்டிருந்தன. ஆனாலும் ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. அவ்வளவு பணமும் ஆளும் உள்ள நிறுவனமே தடுமாறியது என்றால், மாதக் கடைசியில் மென்பொருள் மாற்றும் சிறு தொழிலின் நிலையை எண்ணிப் பாருங்கள். மாற்றம் செய்வதானால் விற்பனை மந்தமான மாதத்தில், பழையதும் புதியதும் சில வாரம் சேர்ந்தே ஓட வேண்டும்.

வாங்கும் முன் இரண்டு சோதனை போதும். விற்பவர் காட்டும் மாதிரித் தரவை விட்டுவிட்டு, உங்கள் போன மாதத் தரவைப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு, நான் விலகினால் என் தரவு முழுவதையும் எந்த வடிவத்தில் தருவீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

ஆள் வைப்பது

இங்கே ஒரு குழப்பத்தை முதலில் அவிழ்க்க வேண்டும். விவரத்தைத் தினமும் தவறாமல் பதிகிற ஆள் வேறு, விவரத்திலிருந்து பொருள் எடுக்கிற ஆள் வேறு. முதலாமவரின் சம்பளத்துக்கு இரண்டாமவரின் வேலையை எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். இரண்டாமவரை வைத்துக்கொண்டு பதிவு வேலை வாங்கி அவரை ஓடவிடுகிறவர்களும் உண்டு.

ஆள் வைப்பதன் பெரிய பலம் ஒழுங்கு. முதலாளிக்கு நூறு வேலை. ஆர்டர் கொடுத்த தேதியை எழுத மறப்பார். அதுவே தன் வேலை என்று இருப்பவர் மறக்க மாட்டார். எடுத்துக்காட்டில் உள்ள இரண்டு தேதிகளையும் ஆறு மாதம் பிசகாமல் எழுத இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் எழுதச் சொல்ல வேண்டியது நீங்கள். சொல்லாவிட்டால் அவர் தமக்குத் தெரிந்த அறிக்கைகளைத் தயாரிப்பார். வாரம் ஐந்து அறிக்கை வரும், நீங்களும் வாசிக்க மாட்டீர்கள், அவரும் அதைப் புரிந்துகொண்டு மெல்ல அசட்டையாகிவிடுவார். இதில் அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆபத்து இரண்டு. எல்லாமே அவர் தலைக்குள் சேர்ந்துவிடுவது ஒன்று. அவர் விடுப்பில் போகும் பத்து நாளில் இது தெரிந்துவிடும். எந்தக் கோப்பு எங்கே, எந்தச் சுருக்கெழுத்துக்கு என்ன பொருள் என்று ஒரே பக்கத்தில் அவரைக் கொண்டே எழுதி வாங்கி, மாதம் ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லுங்கள். மற்றொன்று, பணம் வாங்குகிறவரும் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருப்பது. நம்பிக்கைக் குறைவால் இதைச் சொல்லவில்லை. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். 1494-இல் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பசியோலி வெனிஸில் அச்சிட்டு வெளியிட்ட இரட்டைப் பதிவுக் கணக்கு முறையில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் பற்று, வரவு என இரண்டு இடத்தில் எழுதப்படும்; அதன் அழகே, பதிவு செய்யும்போதே சரிபார்ப்பும் உள்ளே உட்கார்ந்திருப்பதுதான். ஆள் வைக்கும்போதும் அந்த ஏற்பாடு வேண்டும்: ஒருவர் எழுதுவதை வேறொரு வழியில் வந்த எண் உறுதிப்படுத்த வேண்டும்.

ஆலோசகர்

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒருமுறை மட்டும் செய்ய வேண்டிய வேலைகளுக்கு ஆலோசகர் நல்லவர்: பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றுவது, தனிமனித விவரங்கள் பற்றிய சட்டக் கடமைகளை விளக்குவது, காப்புநகல் (பேக்கப்) ஏற்பாட்டை அமைத்துத் தருவது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, வாடிக்கையாளரின் விவரத்தை ஏன் வாங்குகிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று எழுதி வைப்பது உலகின் பல இடங்களிலும் சட்டக் கடமையாகி வருகிறது. இதில் தட்டுத்தடுமாறிக் கற்பதைவிடத் தெரிந்தவரிடம் கேட்பது மேல்.

தொடர்ந்து நடக்க வேண்டிய வேலையை அவரிடம் கொடுக்கக் கூடாது. கெட்டிக்கார ஆலோசகர் நம் 7 நாள், 11 நாள் சிக்கலை ஒரே வாரத்தில் பிடித்துவிடுவார். அடுத்த ஆண்டு அந்த 11 நாள் 15 ஆகும்போது அவர் இருக்க மாட்டார்.

எதை எப்போது

தொழில் ஒருவர், இருவரோடு நடக்கும்போது கற்பது மட்டும் போதும். பில் போட ஒரு சாதாரண மென்பொருள் துணைக்கு இருக்கட்டும். நான்கைந்து பேர் ஆனதும் பதிவு வேலை சிதறத் தொடங்கும். அப்போது சரக்கு, கணக்கு மென்பொருளை வாங்கலாம். ஆனால் அதற்கு முன் அந்த முடிவு நோட்டு கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் மென்பொருள் கேட்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் சரியான எண் அதிலிருந்துதான் வரும். மென்பொருள் ஓடத் தொடங்கி, அதில் பதிவு தவறுவதுதான் சிக்கல் என்று தெளிவாகத் தெரிந்த பிறகு பதிவுக்கு ஆள். பொருள் எடுக்கும் ஆளை அதற்கும் பிறகு, 'எனக்கு இந்த ஐந்து கேள்விகளுக்கு வாராவாரம் விடை வேண்டும்' என்று ஒரே மூச்சில் சொல்ல முடிகிற நாளில் எடுக்கலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் ஒவ்வொரு படியிலும் இரண்டு முறை செலவு செய்கிறார்கள்.

எந்த வழியானாலும் காப்புநகல் மட்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத காப்புநகலை நம்பி இருந்துவிட்டுத் தேவைப்படும் நாளில் கைவிரித்து நின்றவர்கள் ஏராளம்.

இந்த வரிசை பொருந்தாத இடமும் உண்டு. மருத்துவ விவரங்களையோ பிறர் பணத்தையோ கையாளும் தொழிலில் முதல் நாளே சட்டம் வாசலில் நிற்கும். அங்கே ஆலோசகர்தான் முதலில். முதலீட்டாளருக்கு அடுத்த காலாண்டிலிருந்து மாதாமாதம் கணக்குக் காட்டுவதாக ஒப்புக்கொண்டவருக்கும் மூன்று மாதம் கற்றுக்கொண்டிருக்க நேரமில்லை, ஆளும் மென்பொருளும் உடனே வேண்டும். கூட்டாளிகள் இருவராக நடத்தும் தொழிலில், ஒருவர் வெளியே விற்பனையில் இருந்தால், எண்களில் மனம் ஒட்டுகிறவர் இந்தத் திறனை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் முடிவு நோட்டை இருவரும் எழுத வேண்டும். விற்பனைக்குப் போகிறவர் கடனுக்குக் கொடுத்த சரக்கும், வாய்ச்சொல்லாக ஒப்புக்கொண்ட தேதியும் அவர் நோட்டில் மட்டும்தான் இருக்கும்.